மேற்படி: மண்டபம் முகாமில் வளர்ந்த ஓர் இளைஞனின் நிகழ்வு ஆய்வு

முதலில் ஒரு விளக்கம். இதில் வரும் இளைஞன் தனி ஒருவன் அல்லன். ராமநாதபுரம் மாவட்டத்தில் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் உள்ள மண்டபத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் உளவள ஆலோசனைக்கு வந்த சிலரின் விவரங்களைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றி, ஒரே குடும்பமாக ஆக்கியிருக்கிறேன். சட்டப் பிரிவுகளும் ஆண்டுகளும் மட்டும் உள்ளது உள்ளபடி. அவனுக்குப் புனைபெயர் வைக்க நினைத்து, வைக்காமல் விட்டேன். இந்தக் கதையே பெயர் விடுபட்ட ஒரு பதிவைப் பற்றியது என்பது பின்னால் தெரியும்.

வந்த நிலை

2023ஆம் ஆண்டின் கடைசியில் அவனை அழைத்து வந்தவர் அம்மம்மா, அதாவது தாய்வழிப் பாட்டி. வயது பத்தொன்பது. பிளஸ் டூ முடித்துவிட்டுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் படிப்பில் இரண்டாம் ஆண்டு. இரண்டு மாதமாக வகுப்புக்குப் போகவில்லை. அவன் சொன்ன குறை ஒன்றே ஒன்று: "தூக்கம் வரவில்லை அக்கா." அம்மம்மா சொன்ன குறைகள் நீளமானவை. சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவிடுகிறான். தகப்பனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. விடியற்காலை நான்கு மணிவரை போன் வெளிச்சம் அணைவதில்லை. முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாள் வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுகிறான். "பிள்ளை, இவனை ஏர்வாடிக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் நினைத்தேன். இவன் அம்மாதான் முதலில் உங்களிடம் காட்டச் சொன்னாள்" என்றார்.

ஏர்வாடி என்ற பெயரை இந்த மாவட்டத்தில் யாரும் லேசாகச் சொல்வதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகிச் செத்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனாலும் நோய் தீர வேண்டி அங்குள்ள தர்காவுக்குப் போவது நின்றுவிடவில்லை. நிற்க வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை. அம்மம்மா கத்தோலிக்கர். இலங்கையின் மன்னார்க்காரர். அவருக்கு அந்தோணியாரும் ஏர்வாடி அவுலியாவும் ஒரே கரையில் இருப்பவர்கள். "போய் வாருங்கள், ஆனால் இங்கு வருவதையும் விடாதீர்கள்" என்றேன்.

பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தைக் கொடுத்தேன். கடந்த இரண்டு வாரத்தில் சோர்வு, தூக்கம், பசி, கவனம் எப்படி இருந்தன என்று கேட்கும் எளிய படிவம். உச்ச மதிப்பெண் 27. அவனுக்குப் பதினாறு வந்தது. மனச்சோர்வு மிதமான அளவைத் தாண்டிவிட்டது என்று பொருள். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்பது. "சில நாட்கள்" என்று குறித்திருந்தான்.

அதைப் பற்றிக் கேட்டேன். "சில நேரம் அக்கரைக்குப் போய்விடலாம் என்று தோன்றும்" என்றான்.

வேறு ஊராக இருந்தால் இந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்றால் தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இங்கே அக்கரை என்பது உண்மையான ஊர். களவாகப் படகேறிப் போகிறவர்களும் உண்டு. அதனால் நேராகவே கேட்டேன்: "தம்பி, மன்னாரைச் சொல்கிறாயா, சாவைச் சொல்கிறாயா?" வெகுநேரம் பேசாமல் இருந்தான். "எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை அக்கா" என்றான். என் குறிப்பேட்டில் அன்று வேறு எதையும் எழுதவில்லை. தனியாகக் கடலோரம் போவதில்லை, எண்ணம் மிஞ்சினால் இன்னாரை எழுப்புவது, அரசின் டெலி மானஸ் எண் 14416ஐப் போனில் பதிந்து வைப்பது என்று மூன்று ஏற்பாடுகளை அவன் கையாலேயே எழுதவைத்து அனுப்பினேன். 24 மணி நேரமும் எடுக்கும் அந்த எண்ணில் தமிழிலும் பேசலாம்.

வீட்டு வரலாறு

மண்டபம் முகாம் நேற்று முளைத்ததல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலியாக அனுப்பப்பட்டவர்களைக் காலராவுக்கும் அம்மைக்கும் பயந்து தடுத்துவைத்துப் பார்க்க ஆங்கிலேயர் காலத்தில் ஏற்பட்ட இடம் அது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபின், திருப்பி அனுப்பப்பட்ட அதே தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இந்த வழியாகவே வந்து இறங்கின. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஈழத்து அகதிகள். போகிறவர்கள், வருகிறவர்கள், திரும்பப் போகிறவர்கள் எல்லோரையும் ஒரே வாசலில் நிறுத்தி எண்ணிப் பழகிய மண். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை நீக்கி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. கூடவே 317 கோடி ரூபாய்க்கான திட்டம், உயர்த்தப்பட்ட மாத உதவித்தொகை, புதிய வீடுகள். குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500. பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் மண்டபம் கடைத்தெருவில் இன்னும் "காம்ப் பையன்"தான்.

அம்மம்மா 1984இல் கணவரோடு முதல் தடவை வந்தார். 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் பலரைப் போல நம்பித் திரும்பினார்கள். 1990 ஜூனில் மறுபடி சண்டை மூண்டதும் இரவோடிரவாகப் பிள்ளைகளை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டாம் தடவை கடல் கடந்தார்கள். அந்தப் படகில் நடந்ததை அம்மம்மா என்னிடம் இரண்டு மணி நேரம் சொன்னார். அவனுடைய தகப்பனும் அதே ஆண்டு பத்து வயதுப் பையனாகப் பேசாலையிலிருந்து வந்தவர். தாயும் தகப்பனும் முகாமிலேயே வளர்ந்து, 2003இல் மணம் முடித்தார்கள். அவன் பிறந்தது 2004 ஆகஸ்ட். தங்கை 2007. தகப்பனுக்குப் பெயிண்டிங் வேலை. முகாம் ஆண்களில் பாதிக்குப் பாதி பெயிண்டர்கள்தான். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "சுவருக்கு வெள்ளையடிக்கிறவனிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை" என்றார்.

நான் தவறிய இடம்

முதல் நான்கு சந்திப்பிலும் நான் போரைத் தேடிக்கொண்டிருந்தேன். அகதிப் பிள்ளை என்றால் குண்டு, படகு, கெட்ட கனவு என்று எங்கள் பயிற்சிகளில் படித்தது அப்படி. தலைமுறை தாண்டிக் கடத்தப்படும் அதிர்ச்சி என்று ஒரு தலைப்பே உண்டு. அதில் உண்மையும் உண்டு. அம்மம்மாவின் படகுக் கதையைக் கேட்டதும், விடை கையில் கிடைத்துவிட்டதாகவே எண்ணினேன். கனவில் கடல் வருகிறதா, சத்தம் கேட்டால் திடுக்கிடுகிறாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவனும் மரியாதைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் சந்திப்பில் பொறுமை இழந்தான். "அக்கா, அது அம்மம்மாவின் கதை. அவர் எட்டு மணிக்கே படுத்துக் குறட்டை விடுகிறார். தூங்காதவன் நான்."

அன்றுதான் சரியான கேள்வியைக் கேட்டேன்: கடைசியாக எப்போது நன்றாகத் தூங்கினாய்? நாள் குறித்துச் சொன்னான். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமைக்கு முந்தின இரவு.

அந்தத் திங்கட்கிழமை மண்டபம் ஊர்ப் பையன்கள் மூன்று பேர், ஐந்தாம் வகுப்பிலிருந்து அவனோடு படித்தவர்கள், பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கக் கிளம்பினார்கள். இந்த மாவட்டத்தில் அது ஒரு சடங்கு மாதிரி. மழை பொய்க்கும், கடல் பொய்க்கும். வளைகுடா மட்டுந்தான் மாதா மாதம் பணம் அனுப்பும் என்று வளர்ந்த ஊர்கள். ஏஜென்ட் ஒருவர் கத்தாரில் எலக்ட்ரீஷியன் உதவியாளர் வேலை இருப்பதாகச் சொல்லியிருந்தார். "நீயும் வாடா" என்றார்கள். "அப்பா வேண்டாம் என்கிறார்" என்றான்.

அது பொய். அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று, அதைக் காப்பாற்ற மற்றொன்று. அவன் முகாம்காரன் என்பது நண்பர்களுக்குத் தெரியாததல்ல. முகாம்காரன் என்றால் பாஸ்போர்ட் கிடையாது என்பதுதான் தெரியாது. அவனுக்கே அதன் முழு அளவு அன்றுதான் உறைத்தது. பள்ளியில் எல்லோருக்கும் கிடைத்த சைக்கிள் கிடைத்தது, சீருடை கிடைத்தது. மாற்றுச் சான்றிதழில் நாட்டினம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பதினெட்டு வயதுவரை அவன் நின்று படித்ததில்லை. செப்டம்பரில் முதல் நண்பன் விமானம் ஏறினான். பிறகு தோகாவிலிருந்து படங்கள் வரத் தொடங்கின. விடியற்காலை நான்கு மணிவரை அணையாத போன் வெளிச்சம் அதுதான்.

இந்த வயதில் இப்படி நேர்வதை அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட்டோ கொன்சாலஸ் 2011இல் எழுதினார். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில், பெற்றோரோடு சிறுவயதில் வந்து ஆவணமில்லாமல் வளர்ந்த 150 இளைஞர்களிடம் பேசிய ஆய்வு அது. அங்கே 1982ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் பள்ளிக்கூடம் எல்லாப் பிள்ளைக்கும் திறந்திருக்கிறது. ஆகையால் பதினாறு, பதினேழு வரை அவர்களும் மற்றவர்களும் ஒன்று. ஓட்டுநர் உரிமம், பகுதிநேர வேலை, கல்லூரி விண்ணப்பம் என்று கூட்டாளிகள் ஒவ்வொரு படியாக ஏறும்போதுதான் தன் காலடியில் படி இல்லை என்பது தெரிகிறது. மண்டபத்துப் பையனுக்கும் நடந்தது அச்சொட்டாக இதுவே. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே பிள்ளைகள் மறைந்து வாழ்கிறார்கள். போலீஸ் காரைக் கண்டால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இங்கே மறைவதற்கு எதுவும் இல்லை. பெயர், தகப்பன் பெயர், வீட்டு எண், கைரேகை எல்லாம் பதிவில் இருக்கின்றன. ஆதார் அட்டைகூட இருக்கிறது. குறித்த நாளில் வரிசையில் நின்று தலையைக் காட்டியாக வேண்டும். ஆவணமற்றவர்கள் என்று எழுதுகிறோம். அவன் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய ஆவணங்கள்.

வயிற்றுவலியின் காரணமும் அப்போது புரிந்தது. முன்பெல்லாம் கணக்கெடுப்புக்கு விளையாட்டாகப் போய்வந்தவன்தான். இப்போது அந்த வரிசை அவனுக்கு வேறு ஒரு வரிசையை நினைவூட்டியது: நண்பர்கள் மூவரும் நின்ற, அவன் நிற்க முடியாத வரிசையை.

பேச்சிலும் ஓர் இரட்டை வாழ்க்கை உண்டு. முகாம் வேலிக்குள் "ஓம்", வெளியே "ஆமாம்". உள்ளே கதைப்பது, வெளியே பேசுவது. ஏழு வயதிலிருந்து யோசிக்காமல் மாற்றிக்கொண்டவன், அந்த ஆண்டில் முதன்முறையாக நண்பனிடம் போனில் வாய் தவறி "ஓம்" என்றுவிட்டான். அவன் சிரித்தானாம். கெட்ட எண்ணத்தில் சிரித்திருக்க மாட்டான். ஆனால் இவன் அதற்குப் பிறகு அந்த எண்ணுக்குப் பேசவில்லை.

செய்தவை

மருத்துவக் குறிப்பு சுருக்கமானது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டி மாத்திரை தொடங்கினோம். மூன்று வாரத்தில் தானே நிறுத்தினான், வாய் உலர்கிறது என்றான். மருத்துவர் அளவை மாற்றிக் கொடுத்தபின் தொடர்ந்தான். அங்கே போகவே முதலில் தயங்கினார்கள், எந்த அட்டையைக் காட்டுவது என்று. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு மனநலச் சிகிச்சை உரிமையை "ஒவ்வொரு குடிமகனுக்கும்" தரவில்லை, "ஒவ்வொரு நபருக்கும்" தருகிறது. இதை நான் வாசித்துக் காட்டியபோது அவன் முகத்தில் வந்த சிறு ஆச்சரியத்தைக் குறிப்பிட வேண்டும். "நபர் என்றால் போதுமா?" என்றான்.

போனை இரவு பத்து மணிக்கு அம்மாவிடம் கொடுப்பது, தகப்பனோடு வாரத்தில் இரண்டு நாள் வேலைக்குப் போய் அங்கே மின்வேலை இருந்தால் கற்றுக்கொள்வது, விட்ட படிப்பைத் தொடர்வது என்று சிறுசிறு காரியங்களைக் குறித்துக்கொண்டோம். தோகா நண்பனிடம் உண்மையைச் சொல்வதும் பட்டியலில் இருந்தது. அதைக் கடைசிவரை செய்யவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

2024 மார்ச்சில் மதிப்பெண் ஒன்பதுக்கு இறங்கியது. அந்த மாதந்தான் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் விதிகள் வெளியாகி, ஊரெல்லாம் அதே பேச்சு. 2019இல் நிறைவேறிய அந்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்து வந்த, முஸ்லிம் அல்லாத ஆறு மதத்தவருக்குத்தான். அதில் இலங்கை இல்லை. இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவும் இல்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் இந்தக் குடும்பம் சட்டவிரோதக் குடியேறிகள். குடியுரிமைச் சட்டத்தின் 2003 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு செய்து குடியுரிமை கேட்கும் வழியும் அந்தச் சொல்லால் அடைபட்டுவிடுகிறது. பிறந்த நாள் முதல் இந்த மண்ணை விட்டு ஒரு நாளும் வெளியே போகாத ஒருவன் எப்போது "குடியேறினான்" என்று அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

பெட்டியைத் திறந்த நாள்

வீட்டுச் சந்திப்பு ஒன்றில், பேச்சோடு பேச்சாக அம்மம்மா மகளைக் காட்டிச் சொன்னார்: "இவள் இங்கேதான் பிறந்தாள். எண்பத்தைந்து, பெரிய நோன்பு நேரம். மருத்துவச்சி வர நேரமாகிவிட்டது."

எல்லோரும் சேர்ந்து டிரங்குப் பெட்டியை இறக்கினோம். குடும்ப அட்டை நகலில் தாயின் பிறந்த இடம் மேற்படி என்று இருந்தது. மேலே பார்த்தால் தாத்தாவின் வரிசையில் மன்னார். 1990இல் கரையேறிய கூட்டத்தைப் பதிந்தவர் முதல் வரியில் ஊரை எழுதிவிட்டு, கீழே இருந்த ஆறு பேருக்கும் மேற்படி, மேற்படி என்று இழுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அன்று எத்தனை நூறு பேர் ஈரத்துணியோடு நின்றார்களோ. ஆனால் அந்த ஒரு சொல், மண்டபத்தில் பிறந்த பெண்ணைக் கடலுக்கு அப்பால் பிறந்தவளாக்கிவிட்டது.

1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தில் தேதிகள்தாம் எல்லாம். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும், பிறப்பால் குடிமகன். அதன்பின் 2004 டிசம்பர் 3க்கு முன்புவரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். அதற்கும் பிறகு பிறந்தவருக்கு இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்க 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. வழக்கறிஞர் ஒருவர் இவற்றை அடுக்கிக் காட்டியபோது வீட்டில் யாரும் மூச்சுவிடவில்லை. தாய் 1985இல் இங்கே பிறந்தது நிரூபணமானால் அவர் பிறவியிலேயே இந்தியர். மகன் பிறந்தது 2004 ஆகஸ்ட். தாய் இந்தியர் என்றால் மகனும் இந்தியன். இருபது வருடமாக வரிசையில் நின்று அகதித்தொகை வாங்கிய இருவரும் எப்போதுமே அகதிகளாக இருந்திருக்கவில்லை.

இடையில் அம்மா மன்னாருக்குப் போய்வந்தாரே என்று நான் கேட்டேன். "கேட்பார்கள். அங்கே குடியுரிமை கேட்டு எதிலாவது கையெழுத்துப் போட்டாரா என்று கேட்பார்கள்" என்றார் வழக்கறிஞர். போகும்போது அம்மாவுக்கு மூன்று வயது. அவர் ஸ்லேட்டில்கூட அதுவரை எழுதியிருக்கவில்லை.

பழைய பிறப்புப் பதிவைத் தேடிப் பல மாதம் அலைந்தார்கள். கடைசியில் கிடைத்தது. தேதி சரி, தகப்பன் பெயர் சரி, இடம் மண்டபம் முகாம். குழந்தையின் பெயர் என்ற கட்டம் வெற்றாக இருந்தது; "பெண்" என்று மட்டும் இருந்தது. அக்காலத்தில் பெயரிடுவதற்கு முன்பே பதிந்துவிடுவது வழக்கம். பெயரைப் பிறகு சேர்க்க யாரும் போகவில்லை. ஒரு தாளில் பெயரற்ற பெண், மற்றொரு தாளில் மேற்படி. இரண்டும் ஒரே ஆள் என்று இப்போது நிறுவ வேண்டும்.

மதிப்பெண் ஏறியது

நல்ல செய்தி வந்த மாதம் அவன் தேறுவான் என்று எதிர்பார்த்தேன். பி.எச்.க்யூ ஒன்பதிலிருந்து பதினான்குக்கு ஏறியது. தூக்கம் மறுபடி போயிற்று. இந்த ஆய்வை எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான்.

தங்கை பிறந்தது 2007. அதே தாய், அதே தகப்பன், அதே முகாம். ஆனால் அவள் பிறந்தது 2004 டிசம்பர் 3 என்ற தேதிக்கோட்டுக்கு அப்பால். தாய் இந்தியராகவே ஆனாலும், தகப்பன் சட்டவிரோதக் குடியேறி என்ற கணக்கில் இருப்பதால் அவளுக்கு வழியில்லை. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தவள், அண்ணனைவிடக் கெட்டிக்காரி. வழக்கறிஞர் சொல்லி முடித்ததும் அவளே எழுந்து போய் எல்லோருக்கும் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள். அவன் அந்தத் தேநீரைக் குடிக்கவில்லை.

"முன்பு எல்லோரும் ஒரே பக்கம் இருந்தோம் அக்கா. இனி நானும் அம்மாவும் ஒரு பக்கம், அப்பாவும் இவளும் ஒரு பக்கம். எனக்குக் கிடைக்காவிட்டால் என்ன என்று தோன்றுகிறது."

தகப்பனுக்கு வேறு விதமான அடி. இருபது வருடமாகத் தன் மனைவி ஓர் இந்தியக் குடிமகள் என்பதே தெரியாமல் வாழ்ந்தவர், "அப்படியென்றால் நான் யாருடைய வீட்டில் இருக்கிறேன்?" என்று சிரித்தார். அன்று இரவு குடித்துவிட்டு வந்து மகனை அடிக்கக் கை ஓங்கினாராம். மகன் நகரவில்லை. அவரே கையை இறக்கிக்கொண்டு அழுதார் என்று தாய் சொன்னார். அதற்குப் பிறகுதான் அவ்விருவரும் பேசத் தொடங்கினார்கள் என்பதையும் எழுத வேண்டும்.

இதில் எனக்கும் பங்குண்டு. ஆவணத்தில் ஒரு கதவு திறக்கும் என்றதும், அது சிகிச்சைக்கு உதவும் என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். உதவும் என்பதற்குச் சான்று இல்லாமலும் இல்லை. அமெரிக்காவில் 2012 ஜூன் 15 அன்று அறிவிக்கப்பட்ட டாக்கா (DACA) என்ற திட்டம், சிறுவயதில் வந்த ஆவணமற்ற இளைஞர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பும் வேலை அனுமதியும் கொடுத்தது. அதற்கும் வயது வரம்பு உண்டு: 1981 ஜூன் 15க்குப் பின் பிறந்திருக்க வேண்டும். அந்தத் தேதிக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் பிறந்த தாய்மாரின் பிள்ளைகளை ஓரிகன் மாநில மருத்துவப் பதிவுகளில் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. தாய் அந்தப் பாதுகாப்புக்குத் தகுதி பெற்ற பிள்ளைகளிடையே பதற்றம் முதலிய கோளாறுகள் 7.8 சதவீதத்திலிருந்து 3.3 சதவீதத்துக்குக் குறைந்திருந்தன. பிள்ளைகள் அமெரிக்கக் குடிமக்களே; மாறியது தாயின் நிலை மட்டும். ஒரு தாள் வீட்டுக்குள் வந்தால் பிள்ளையின் நெஞ்சுப் படபடப்பு அடங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆய்வைப் படித்த எனக்கு, ஒரே வீட்டின் நடுவே தேதிக்கோடு ஓடினால் என்ன ஆகும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. தங்கையையும் ஆரம்பத்திலிருந்தே என் முன்னால் உட்காரவைத்திருக்க வேண்டும்.

அடுத்த சில மாதங்கள் இதைப் பற்றியேதான். குற்றவுணர்வைப் போக்குகிறேன் என்று நான் முயலவில்லை. அது அவன் தங்கைமேல் வைத்த பாசத்தின் மறுபெயர், அதை எங்கே போக்குவது. தான் ஒதுங்கினால் தங்கைக்கு எந்தத் தாளும் கிடைத்துவிடப் போவதில்லை என்பதை மட்டும் திரும்பத் திரும்பப் பேசினோம். கடைசியில் அதை அவனுக்குச் சொன்னவள் தங்கைதான். "நீ போனால் எனக்கு லேப்டாப்பாவது வாங்கித் தருவாய். நீயும் இங்கேயே கிடந்தால் எனக்கு என்ன கிடைக்கும்?" என்றாளாம்.

2025

செப்டம்பரில் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2015 ஜனவரி 9க்குள் இந்தியா வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தார்கள். "நமக்குக் குடியுரிமை வந்துவிட்டது" என்று முகாமில் வாட்ஸ்அப் செய்தி பறந்தது. ஒரு வீட்டில் லட்டு கொடுத்தார்கள். தண்டிக்க மாட்டோம் என்பதும் எங்களில் ஒருவன் என்பதும் வேறு வேறு என்று மறுநாள் விளங்கிற்று. 2022 மார்ச்சில் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோது தனுஷ்கோடி மணல்திட்டுகளில் குழந்தைகளோடு இறக்கிவிடப்பட்டு வந்த குடும்பங்களுக்கோ அந்த விலக்கும் கிடையாது. அந்தப் பிள்ளைகள் இப்போது ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் இருக்கிறார்கள், நன்றாகத் தூங்குகிறார்கள். இன்னும் ஆறேழு வருடத்தில் அவர்களுடைய நண்பர்களும் பாஸ்போர்ட்டுக்குக் கிளம்புவார்கள்.

தாயின் பெயரை அந்த வெற்றுக் கட்டத்தில் சேர்க்கும் மனு நிலுவையில் இருக்கிறது. அது முடிந்தால்தான் மற்றவை. அவன் எலக்ட்ரீஷியன் சான்றிதழ் வாங்கிவிட்டான். மாத்திரை மருத்துவர் சொல்லி நின்றது. கடைசியாகப் போட்ட பி.எச்.க்யூ ஏழு. ஒன்பதாவது கேள்விக்கு "இல்லை". கணக்கெடுப்பு நாளில் வயிறு இன்னும் வலிக்கிறது. ஆனால் போய் நிற்கிறான், தகப்பனுக்குப் பக்கத்தில்.

சென்ற மாதம் போன் செய்தான். "அக்கா, வருகிற செவ்வாய் வர முடியாது. உச்சிப்புளியில் ஒரு புதுவீட்டுக்கு வயரிங், நான்கு நாள் வேலை. வியாழன் வரட்டுமா?" இரண்டு வருடத்தில் அவன் வேலை இருக்கிறது என்று ஒரு சந்திப்பைத் தள்ளிவைத்தது அதுதான் முதல் தடவை. வியாழனுக்கு மாற்றிக்கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு இப்போது தங்கை வருகிறாள்.